மூர் மார்க்கெட்: பேர் மட்டும் மிஞ்சின கடைத்தெரு

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

 

சென்ட்ரல்ல இருந்து ஆவடி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் லோக்கல் ட்ரெயின்ல போறவங்க கையைத் தூக்குங்க. நானும் உங்க கட்சிதான். காலேஜ் படிச்ச நாலு வருஷமும் அந்த ட்ரெயின்லதான் என் வாழ்க்கை. நாம ஏறுற அந்த லோக்கல் ஸ்டேஷன் இருக்கே, மெயின் சென்ட்ரலுக்குப் பக்கத்துல தனியா இருக்கிறது, அதுக்கு ரயில்வேல என்ன பேர் தெரியுமா? மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். சுருக்கமா எம்.எம்.சி.

நாலு வருஷம் அந்தப் பேரைப் பார்த்திருக்கேன். ஒரு நாள் கூட "மார்க்கெட் எங்கப்பா?"னு எனக்குத் தோணலை. அங்க பிளாட்ஃபாரம் இருக்கு, டிக்கெட் கவுன்ட்டர் இருக்கு, ரிசர்வேஷன் ஆபீஸ் இருக்கு. மார்க்கெட் மட்டும் இல்லை.

இந்தக் கேள்வியை ஒரு நாள் வீட்ல கேட்டேன். எங்க அப்பா டிவியை மியூட்ல போட்டார். அவர் டிவியை மியூட்ல போட்டா விஷயம் பெரிசுனு அர்த்தம். "நான் டிப்ளமோ படிச்ச புக் எல்லாமே அங்க வாங்கினதுதான்டா"ன்னார். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். இந்த எபிசோடுக்கான விதை அதுதான்.

ஒரு ஊர், ஒரு பிரச்சினை, ஒரு மார்க்கெட்

முதல்ல 1890-களுக்குப் போவோம். அப்போ மெட்ராஸோட வியாபாரம் எல்லாம் ஜார்ஜ் டவுன்லதான். நாம இன்னிக்கு பிராட்வேனு சொல்ற தெருவை 18-ஆம் நூற்றாண்டோட கடைசியில போட்டவர் ஸ்டீபன் பாப்ஹாம்னு ஒரு வக்கீல். அதனால அதுக்கு அப்போ பாப்ஹாம்ஸ் பிராட்வேனு பேர். அங்க இருந்த சந்தையும் அவர் பேர்லயே பாப்ஹாம்ஸ் மார்க்கெட்.

நூறு வருஷம் ஓடின பிறகு அந்தச் சந்தை என்ன நிலைமையில இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இறைச்சி, மீன், காய்கறி எல்லாம் ஒரே இடத்துல. கூட்டம், குப்பை, கழிவு. ஃப்ரிட்ஜ் கிடையாது. மெட்ராஸ் வெயில் வேற. 1896-ல பம்பாய்ல பிளேக் வந்ததுக்கு அப்புறம், நகரச் சுகாதாரம்ங்கிறது எல்லா மாநகராட்சிக்கும் தலைவலி ஆயிடுச்சு.

மெட்ராஸ் மாநகராட்சிக்கு அப்போ மேயர்னு யாரும் கிடையாது. பிரசிடென்ட்னுதான் பதவிக்குப் பேர். அந்த நாற்காலியில இருந்தவர் சர் ஜார்ஜ் மூர். பழைய சந்தையைச் சரி பண்றதுக்குப் பதிலா, புதுசா, விஸ்தாரமா, காத்தோட்டமா ஒரு மார்க்கெட் கட்டிடலாம்னு முடிவாச்சு. 1898-ல அடிக்கல் நட்டாங்க. 1900-ல கவர்னர் சர் ஆர்தர் ஹேவ்லாக் திறந்து வெச்சார். பேர் மூர் மார்க்கெட்.

இதுல ஒரு பேட்டர்ன் இருக்கு. பம்பாய்ல 1869-ல கட்டினது கிராஃபோர்ட் மார்க்கெட். ஆர்தர் கிராஃபோர்ட் அந்த ஊரோட முதல் முனிசிபல் கமிஷனர். கல்கத்தால 1874-ல திறந்தது நியூ மார்க்கெட். அதோட அதிகாரபூர்வ பேர் ஹாக் மார்க்கெட், ஸ்டூவர்ட் ஹாக்ங்கிற அதிகாரி பேர்ல. மூணாவது நம்ம மூர் மார்க்கெட். பிரிட்டிஷ் இந்தியாவோட மூணு பெரிய ஊர், மூணு மார்க்கெட், மூணும் மாநகராட்சித் தலைமையில இருந்தவங்க பேர்ல. இந்த மூணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வருவோம்.

எங்க இருந்துச்சு, எப்படி இருந்துச்சு

இன்னிக்கு சென்ட்ரல் மெட்ரோல இருந்து வெளிய வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில நின்னா, வரிசையா என்னென்ன தெரியும்? 1873-ல இருந்து இருக்கிற சென்ட்ரல் ஸ்டேஷன். கொஞ்சம் தள்ளி விக்டோரியா பப்ளிக் ஹால். அதுக்கு அப்புறம் வெள்ளையா, 1913-ல திறந்த ரிப்பன் மாளிகை. இந்த வரிசையில சென்ட்ரலுக்கு அடுத்து நின்னதுதான் மூர் மார்க்கெட். அந்தச் சிவப்பு வரிசையில ஒரு பல் விழுந்த மாதிரி இன்னிக்கு நாம பார்க்கிற இடைவெளியிலதான் புறநகர் நிலையம் நிக்குது.

அந்த ஏரியா முழுக்க அப்போ பீப்பிள்ஸ் பார்க். 1859 வாக்குல கவர்னர் சார்லஸ் டிரவெல்யன் காலத்துல உருவான பூங்கா. 100 ஏக்கருக்கு மேல. உள்ளயே குளங்கள், உள்ளயே மிருகக்காட்சி சாலை. ஆமா, சென்ட்ரல் பக்கத்துல சிங்கம், புலி எல்லாம் இருந்துச்சு. "ஜூவுக்குப் போயிட்டு, அப்படியே மூர் மார்க்கெட் போயிட்டு வரலாம்"ங்கிறதுதான் பல தலைமுறைக்கு லீவு நாள் பிளான். நமக்கு மால் மாதிரி.

கட்டடம் இந்தோ சாராசனிக் பாணி. சிவப்புச் செங்கல், வரிசையா வளைவுகள், நடுவுல திறந்த முற்றம், சுத்தி நாலு பக்கமும் கடைகள். வடிவமைச்சவர் ஆர்.ஈ. எல்லிஸ். கட்டினவர் சுப்பிரமணிய ஐயர். இந்தச் சதுர அமைப்பு வெறும் அழகுக்கு இல்லை. நடுவுல முற்றம் இருந்தா வெளிச்சமும் காத்தும் ரெண்டு பக்கத்துல இருந்தும் கடைக்குள்ள வரும். வளைவுக்குக் கீழ நடந்தா வெயில் படாது, மழை படாது. நடந்துட்டே இருந்தா கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துடுவோம். அதனால "முதல் கடையிலயே வாங்கியிருக்கலாமோ"னு தோணினா, திரும்பிப் போறது ஈஸி. இது பேரத்துக்கு எவ்வளவு உதவும்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இறைச்சியில இருந்து இசைத்தட்டு வரைக்கும்

கட்டினப்போ இது அன்றாடச் சாமான் வாங்குற மார்க்கெட்தான். ஆனா மூர் மார்க்கெட்டை மெட்ராஸ் ஞாபகம் வெச்சிருக்கிறது அதுக்காக இல்லை. வருஷம் ஆக ஆக அது வேற ஒண்ணா மாறிடுச்சு. பழைய புத்தகம், கிராமபோன் இசைத்தட்டு, பழைய காலத்து அலங்காரப் பொருள், ரேடியோ, கடிகாரம், பொம்மை, துணிமணி, இன்னொரு பக்கம் கிளி, புறா, முயல், கலர் மீன். "மூர் மார்க்கெட்ல அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும்"னு எங்க அப்பா சொன்னார்.

அதுல பெரிய ஸ்டார் பழைய புத்தகக் கடைகள்தான். கொஞ்சம் யோசிங்க. இன்டர்நெட் கிடையாது. ஜெராக்ஸ் கூட பின்னாடிதான். ஒரு வெளிநாட்டு இன்ஜினீயரிங் புக்கோட விலை, சில வீடுகள்ல மாசச் செலவு. அப்போ கீழ் நடுத்தரக் குடும்பத்துப் பையனோ பொண்ணோ அந்த புக்கை எப்படிப் படிக்கிறது? ஒண்ணு லைப்ரரி. இல்லைனா மூர் மார்க்கெட்.

அந்த புக் எல்லாம் அங்க எப்படி வந்துச்சு? பரீட்சை முடிச்சவன் வித்துட்டுப் போவான். வீடு மாத்துறவங்க, பெரியவர் தவறிப்போன வீட்ல இருக்கிறவங்க, பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போடுவாங்க. பழைய பேப்பர்காரருக்கு அது கிலோ கணக்கு. அதுல இருந்து எது விலை போகும்னு பொறுக்கி எடுக்கிற கண்ணு புத்தகக் கடைக்காரருக்கு இருக்கும். எடைக்கு வந்த குப்பை அவர் கையில பட்டதும் திரும்பப் புத்தகம் ஆயிடும். பல கடைக்காரங்களுக்கு அந்த மொழியே படிக்கத் தெரியாது. ஆனா அட்டையைப் பார்த்தே இது லா காலேஜ் பையன் தேடுறது, இது மெடிக்கல்னு சொல்லிடுவாங்கன்னு அப்பா இன்னமும் ஆச்சரியப்படறார்.

இங்கதான் பேரம் வருது. மூர் மார்க்கெட்ல விலைச் சீட்டு கிடையாது. உங்க முகம்தான் விலைச் சீட்டு. புக்கைப் பார்த்ததும் கண்ணு விரிஞ்சுச்சா, முடிஞ்சுது கதை. அப்பா சொன்ன டெக்னிக் இது: வேணுங்கிற புக்கை எடுக்கவே கூடாது. அதுக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு புக்கை விலை கேட்கணும். "வேணாம்ண்ணே"ன்னு வெக்கணும். கடைசியா போற போக்குல, "இது என்னண்ணே, கிழிஞ்சிருக்கு, இது எவ்வளவு?"ன்னு கேட்கணும். அவர் பத்து ரூபான்னா நாம ரெண்டு ரூபா. அவர் திட்டுவார். நாம நடக்கணும். பத்தடி போறதுக்குள்ள, "தம்பி, இங்க வாப்பா"ன்னு குரல் வரும். வரலைன்னா? அதான் சதுரமான கட்டடமாச்சே. ஒரு சுத்து சுத்திட்டு எதுவும் நடக்காத மாதிரி திரும்ப அதே கடைக்கு வந்துடலாம்.

இதுல ஏமாந்தவங்களும் நிறைய. மேல மட்டும் பளபளன்னு இருக்கும், உள்ள பாதிப் பக்கம் இருக்காது. ஆனா ஏமாந்த கதையையும் சிரிச்சுட்டேதான் சொல்றாங்க, கவனிச்சிருக்கீங்களா?

இன்னொரு விஷயம். ஒரே பொருளை விக்கிற நிறைய கடை ஒரே இடத்துல இருக்கிறது ஏன் முக்கியம்? ஊர் முழுக்க இருபது பழைய புத்தகக் கடை சிதறிக் கிடந்தா, ஒரு புக்கைத் தேடி இருபது பஸ் ஏறணும். யாரும் ஏற மாட்டாங்க. அதே இருபது கடை ஒரே கூரைக்குக் கீழ இருந்தா, ஒரு பஸ் டிக்கெட்டுல தேடி முடிச்சுடலாம். தேடுறவங்க வருவாங்கன்னு தெரிஞ்சா விக்கிறவங்களும் அங்கயே கொண்டு வருவாங்க. விக்கிறவங்க வந்தா இன்னும் நிறைய பேர் தேடி வருவாங்க. அந்தக் கூரை போனா கடைகள் மட்டும் போகாது. இந்தச் சுழற்சியே அறுந்து போயிடும். அதுவும் பக்கத்துலயே சென்ட்ரல். வேலூர்ல இருந்தோ அரக்கோணத்துல இருந்தோ ட்ரெயின்ல வர்ற ஒரு மாணவன், இறங்கி நடந்தே வந்துடலாம்.

1985, மே 30

சென்ட்ரல் பக்கத்துல இருந்ததுதான் அதோட பலம். அதுவே பிரச்சினையும் ஆச்சு. ஊர் வளர வளர ரயில் பெருகுது, பயணிகள் பெருகறாங்க. சென்ட்ரலுக்கு இடம் வேணும். பக்கத்துல இருக்கிற ஒரே பெரிய இடம் மூர் மார்க்கெட். ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேணும்ங்கிற பேச்சு தீ விபத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. கடைக்காரங்க கிளம்பத் தயாரா இல்லை.

1985 மே 30. மூர் மார்க்கெட்ல தீ பிடிச்சுது.

கட்டடம் செங்கல்தான். ஆனா உள்ள இருந்தது என்ன? காகிதம், துணி, மரம், பிளாஸ்டிக். அதுவும் ஜூன்ல பள்ளி, காலேஜ் திறக்கிற நேரம். பழைய பாடப்புத்தகம் விக்கிறவங்களுக்கு வருஷத்துல அதைவிடப் பெரிய சீசன் கிடையாது. சீசனுக்கு வாங்கி அடுக்கின சரக்கோட எரிஞ்சு போச்சு. எத்தனையோ குடும்பங்களோட முதல் அது.

இது விபத்தானு அப்போவே பேச்சு கிளம்புச்சு. அந்தச் சந்தேகம் மெட்ராஸ்காரங்க மனசுல இன்னமும் இருக்கு. சந்தேகத்தை நான் தீர்ப்பா சொல்ல மாட்டேன். இந்த எபிசோட் அதைப் பத்தினதும் இல்லை. எனக்கு முக்கியமாப் படறது, தீ அணைஞ்சதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுங்கிறதுதான்.

எரிஞ்ச கட்டடத்தைச் சீர்படுத்தலை. இடிச்சாங்க. அந்த இடம் ரயில்வேக்குப் போச்சு. புறநகர் ரயில் நிலையமும் ரிசர்வேஷன் கட்டடமும் வந்துச்சு. கடைக்காரங்களுக்குப் பக்கத்துல, பீப்பிள்ஸ் பார்க்கோட அல்லிக்குளம் இருந்த இடத்துல புது வணிக வளாகம் கட்டிக் கொடுத்தாங்க. குளம் போய் அது பேர்ல ஒரு காம்ப்ளக்ஸ். மார்க்கெட் போய் அது பேர்ல ஒரு ஸ்டேஷன். இந்த ஏரியாவுக்கே பேரை மட்டும் பத்திரப்படுத்துற பழக்கம் போல.

அல்லிக்குளத்துல கடைகள் இருந்துச்சு, பழைய புத்தகமும் கிடைச்சுது. ஆனா அந்தக் கூட்டம் வரலை. முன்னாடி ட்ரெயின் விட்டு இறங்கினவன் கண்ணுல தானா பட்ட மார்க்கெட், இப்போ தெரிஞ்சவன் மட்டும் தேடிப் போற கட்டடத்துக்குள்ள போயிடுச்சு. இன்னிக்கு பல பேருக்கு அல்லிக்குளம்னா அங்க இயங்கின கோர்ட்தான் ஞாபகம் வரும்.

அதே 1985 ஜூலையில வண்டலூர் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்தாங்க. மிருகக்காட்சி சாலை சென்ட்ரலை விட்டுப் போனது அதுக்காகத்தான். அந்த லீவு நாள் பிளான்ல இருந்த ரெண்டு இடமும் ஒரே சமயத்துல இல்லாம போச்சு. ஆனா ஒரு வித்தியாசம். மிருகங்களுக்கு முன்னைவிட நல்ல இடம் கிடைச்சுது.

தீயா, முடிவா?

இப்போ நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன மூணு மார்க்கெட்டுக்கு வருவோம்.

பம்பாய் கிராஃபோர்ட் மார்க்கெட் இன்னிக்கும் நிக்குது. மகாத்மா ஜோதிபா ஃபுலே மண்டைனு பேர் மாறியிருக்கு, வியாபாரம் நடக்குது. கல்கத்தா நியூ மார்க்கெட்டும் நிக்குது. இதுல ஆச்சரியம் என்னன்னா, அதே 1985-ல நியூ மார்க்கெட்லயும் பெரிய தீ விபத்து. ஒரு பகுதி எரிஞ்சு போச்சு. 2011-ல திரும்பவும் தீ. ஆனா நீங்க இன்னிக்கு கல்கத்தா போனா, அந்தச் சிவப்புக் கட்டடத்துல போய் ஷாப்பிங் பண்ணலாம்.

ரெண்டு ஊர், ஒரே வருஷம், ரெண்டு தீ. ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்லை. எரிஞ்ச அளவுல வித்தியாசம் இருக்கலாம். ஆனா எரிஞ்ச பிறகு "இதை என்ன பண்ணலாம்?"னு ஒரு கேள்வி வருது பாருங்க, கட்டடத்தோட ஆயுசு அங்கதான் முடிவாகுது.

அந்தக் கேள்வி வந்தப்போ மூர் மார்க்கெட்டுக்கு ஆதரவாப் பேச சட்டம் இருந்துச்சா? நம்ம நாட்டுல தொல்லியல் சின்னங்களுக்கான மத்தியச் சட்டம் 1958-ல வந்தது. அதுப்படி ஒரு கட்டடம் பழஞ்சின்னம்னு சொல்லணும்னா குறைஞ்சது 100 வயசு ஆகியிருக்கணும். மூர் மார்க்கெட்டுக்கு 85. பதினஞ்சு வருஷம் குறைவு. கோட்டை, கோயில், கல்வெட்டு இதெல்லாம்தான் பாரம்பரியம். மக்கள் தினமும் புழங்குற ஒரு கடைத்தெரு எப்படிப் பாரம்பரியம் ஆகும்ங்கிற எண்ணமும் அப்போ இருந்துச்சு. இதுக்காகப் போராடுற இன்டாக் அமைப்பே 1984-லதான் ஆரம்பிச்சுது.

இருபது வருஷம் கழிச்சு இதே ஊர்ல இன்னொரு கதை. அண்ணா சாலையில பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங் பார்த்திருப்பீங்க, சிவப்பா, கோபுரத்தோட. 1897-ல முடிஞ்ச கட்டடம். முதல்ல டபிள்யூ.ஈ. ஸ்மித்ங்கிற மருந்துக் கம்பெனியோடது. 2006-ல அதை இடிக்க ஆரம்பிச்சாங்க. இந்த முறை இன்டாக் கோர்ட்டுக்குப் போச்சு. இடிப்பு நின்னுச்சு. 2010-ல உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2012-ல தமிழ்நாடு சட்டமன்றம் பாரம்பரிய ஆணையத்துக்குன்னு ஒரு சட்டமும் போட்டுச்சு. அதெல்லாம் மூர் மார்க்கெட்டுக்குப் பயன்படலை.

ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். எம்.எம்.சி. ஸ்டேஷன் தேவையில்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். அந்த ட்ரெயின்லதான் நான் காலேஜ் போனேன். தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் அதுல வேலைக்குப் போறாங்க. நகரம்னா இடத்துக்கு அடிதடி இருக்கத்தான் செய்யும். ஆனா எங்க அப்பா இன்ஜினீயரிங் படிக்க உதவினது ஒரு மார்க்கெட். அவர் பையனைக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனது அதே இடத்துல கட்டின ஸ்டேஷன். ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்னு யார், எப்போ, யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்க? அந்தக் கடைக்காரங்களையோ, அங்க புக் வாங்கின பசங்களையோ கேட்டிருந்தா வேற ஏதாவது வழி கிடைச்சிருக்குமோ? இதுதான் என்னைத் தொந்தரவு பண்ற விஷயம்.

பிற்பாடு, ஸ்டேஷன் முன்னாடி வண்டி நிறுத்துற இடத்துல மூர் மார்க்கெட் மாதிரியே ஒரு குட்டிக் கட்டடம் செஞ்சு வெச்சாங்க. அதைக் காட்டணும்னு அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு நினைச்சேன். "பொம்மையைப் பார்க்க நான் எதுக்குடா வரணும்?"னு சொல்லிட்டார். அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு புக் எடுத்துக் கொடுத்தார். பழுப்பேறின தெர்மோடைனமிக்ஸ் புக். முதல் பக்கத்துல மூணு பேர் பேர் எழுதியிருக்கு, மூணு விதமான கையெழுத்துல. முதல் ரெண்டு பேர் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. மூணாவது அப்பா.

உங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். வீட்ல இருக்கிற பழைய புத்தகங்களோட முதல் பக்கத்தைத் திறந்து பாருங்க. உங்களுக்குத் தெரியாத ஒரு பேர் இருந்தா, அந்த புக் எங்க வாங்கினதுன்னு தாத்தா, பாட்டி, அப்பா, அம்மாகிட்ட கேளுங்க. பதிலை வாய்ஸ் நோட்டா எங்களுக்கு அனுப்புங்க. பேரம் பேசின கதை இருந்தா கண்டிப்பா அனுப்புங்க, ஏமாந்த கதையா இருந்தா ரெட்டைச் சந்தோஷம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். பார்த்துப் போங்க, படியில தொங்காதீங்க.